சாவடியும் சாவு வீடும்: இளையோரின் பேசாத துக்கம் குறித்து

துக்கம் விசாரிப்பது என்றொரு சொற்சேர்க்கை நம்மிடம் புழங்குகிறது. விசாரிப்பது என்றால் பரிவோடு கேட்பது. போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதற்கும் விசாரணை என்றுதான் பெயர். ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் குடியிருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. துக்கப்பட்டவரிடம் சமூகம் எப்போதும் இரண்டு முகத்தோடுதான் போய் நின்றிருக்கிறது. ஆனால் இந்த விசாரிப்பு வயதுவந்தோர் வயதுவந்தோரைக் கேட்பது. இறந்தவரின் பதினைந்து வயது மகனை யாரும் விசாரிப்பதில்லை. 'புள்ளைங்கள அப்பால இட்டுக்கினு போங்க' என்பதோடு அவர்கள் பக்கத்து வீட்டுக்கு ஒதுக்கப்படுகிறார்கள். கொள்ளி வைக்கக் கூப்பிடும்போது மட்டும் பையன் தேவைப்படுகிறான். அப்போதும் 'ஆம்புளப் புள்ள அழுவக்கூடாது' என்ற கட்டளை அவனுக்கு முன்பாகவே சுடுகாட்டுக்குப் போய்க் காத்திருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. பேரிடர் வந்தால் முதலில் தேடப்படுவது பிள்ளைகள்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலூர்க் கரையோரக் குப்பங்களில் கிரையானும் சார்ட் தாளும் வந்து இறங்கின. பிள்ளைகள் அலையை வரைந்தார்கள், அந்த அலைகள் கண்காட்சிகளுக்குப் பயணமாயின. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து வீடுவீடாக உட்கார்ந்து கேட்க வைத்தது உருப்படியான காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கரையில் 'உன் மனசுல இருக்கறத சொல்லும்மா' என்று ஒரே சிறுமியிடம் அடுத்தடுத்து வந்து கேட்டவர்களும் இருந்தார்கள். பேசாதே என்பது பழைய அதிகாரம் என்றால், பேசு பேசு என்பது புதியது. பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து மருத்துவரின் அறைவரை, பேசவைப்பதன் மூலமே தன்னிலைகள் தயாரிக்கப்படுகின்றன என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் பாலியல் பற்றிய விவாதத்தோடு நிறுத்திக்கொண்டுவிட்டன. துக்கத்துக்கும் அது பொருந்தும். சொன்னால்தான் ஆறும் என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை, சொல்ல வராதபோது தன்னையே குற்றவாளியாக உணர்கிறது.

இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் ஒரு வெளி சாத்தியமா என்பதுதான் கேள்வி. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வரும் குள்ளஞ்சாவடியை மனதில் வைத்து இதை யோசிக்கலாம் என்று படுகிறது. கிழக்கே கடல், மேற்கே நெய்வேலிச் சுரங்கம், நடுவில் முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் பூமி. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கரையேறிய தானே புயல் இந்த மரங்களைத்தான் வேரோடு சாய்த்தது. தாத்தா நட்ட மரம் விழுந்தால் அது பயிர்ச்சேதக் கணக்கில் ஏறும். இழவாக ஏறுமா?

ஊரின் பெயரிலேயே சாவடி இருக்கிறது. (சொற்களைப் பிளந்து விளையாடும் பின்நவீனத்துவ நண்பர்கள் சாவடிக்குள் சாவு இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் சாமி.) வழிப்போக்கர் தங்கவும் ஊரார் கூடவும் இருந்த பொது இடம் சாவடி. அதில் யார் உட்கார்ந்தார்கள்? மேல்துண்டு போட்ட ஆண்கள். பெண்கள் ஒதுங்கிப் போனார்கள், சேரிக்காரர்கள் வெளியே நின்றார்கள், பொடியன்கள் விரட்டப்பட்டார்கள். ஆகவே 'சமூகவெளி' என்று இன்று இனிப்பாகச் சொல்லும்போது, நம் மரபில் அப்படியொன்று எல்லோருக்குமாக இருந்தது, ஆங்கிலக் கல்வி வந்து கெடுத்துவிட்டது என்ற பாவனை வேண்டியதில்லை.

ஆனாலும் மரபைத் துழாவாமல் நகர முடியாது. தமிழில் இளையோர் துக்கத்தின் ஆகப் பழைய பிரதி புறநானூற்றின் 112ஆம் பாடல். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. போன நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த நிலவில் இரண்டும் இல்லை என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது. கண்ணீர் என்ற சொல்கூட இல்லை. இதன் பக்கத்தில் கபிலரை வைத்துப் பாருங்கள். பறம்பைப் பற்றி, பாரியைப் பற்றி, இந்தப் பெண்களைப் பற்றி அடுத்தடுத்துப் பாடிக்கொண்டே போகிறார் மனிதர். பெரியவரின் துக்கத்துக்குத் தொகுப்பில் வரிசையாக இடம் கிடைக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாட்டு. அந்த ஒன்றில் அவர்கள் அப்பாவையும் மலையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆள் போனதும் நிலம் போனதும் தனித்தனி இழப்புகள் அல்ல என்ற அறிவு அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது.

நெய்வேலிக்கு இது நேரடியாக வந்து உறைக்கிறது. 1956இல் நிறுவனம் தொடங்கிய பிறகு நிலக்கரிக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள் பார்த்தே இராத ஊர் அவர்களுடைய ஊர். குலசாமி கோயில் இருந்த இடம் இன்று பள்ளம். துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துக் காட்டும் 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஃப்ராய்ட் சொன்னது நினைவுக்கு வருகிறது: துக்கத்தில் இழந்தது எது என்று தெரியும், மற்றதில் அதுவே தெளிவாகத் தெரிவதில்லை. தாத்தாவின் பெருமூச்சு பேரனிடம் காரணமில்லாத சலிப்பாக வந்து சேர்வதை 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுலயும் பிடிப்பில்ல' என்று முடித்துவிடுகிறோம். கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' இந்த இடப்பெயர்வை நாவலாக்கியிருக்கிறது. நம் விமர்சகர்கள் அதை வட்டார வழக்கு என்ற பெட்டிக்குள் போட்டு மூடியதோடு சரி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, தன் நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இளிவு முதலாவதாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் என்று அரசு அறிவித்ததும் தமிழ்நாடே கேலி பேசியது. 'குடிச்சிட்டு செத்தா பத்து லட்சமா' என்ற சிரிப்பு டீக்கடையில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது. அந்தத் தெருவின் பிள்ளை அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனபோது அதன் காதிலும் விழுந்திருக்கும். அப்பா செத்ததை வெளியே சொல்ல முடியாது, சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். ஆலோசகர்கள் இழவைக் கையாளப் படித்திருக்கிறார்கள். இளிவை என்ன செய்வது? அது பிள்ளையின் மனசுக்குள் இருக்கிற நோயல்ல, ஊரின் வாயில் இருப்பது. பிள்ளையை மட்டும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினால் ஊரின் வாய் வெளியே அப்படியே இருக்கும்.

2020இன் கதை வேறு மாதிரி. மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. ஜூலையில் அன்றே 6 பேர் போனார்கள், தீப்புண்ணோடு கிடந்தவர்களில் பிறகும் இறந்துகொண்டே இருந்தார்கள். கொரோனா ஊரடங்குக் காலம் அது. கூட்டம் கூடாது, கட்டிப்பிடித்து அழக்கூடாது. ஒப்பாரிக்கே தடை விழுந்த ஆண்டு.

ஒப்பாரியைப் பற்றி நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் உவமை அழகு, சந்தம், தாய்மை. அதன் அரசியலை ஒரு வரியில் சொல்லலாம்: அங்கே சொன்னதற்கு மறுநாள் கணக்குக் கேட்க மாட்டார்கள். செத்த புருஷனைத் திட்டலாம், சீர் செய்யாத அண்ணனைக் குத்திக்காட்டலாம், நாத்தனாரின் மானத்தை வாங்கலாம். ராகத்தில் வந்ததற்கு வழக்கு கிடையாது. பாதுகாப்பான இடம் என்று நாம் தேடுவதன் சாரம் இந்த விலக்குரிமைதான், நாற்காலியும் மெத்தையும் அல்ல. ஆனால் இது கல்யாணமான பெண்களின் சொத்து. குமரிப்பெண் கேட்டுக் கற்கிறாள், வாய் திறப்பதில்லை. பையனுக்கு அதில் இடமே இல்லை. மேலும் பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் சாவுக்கு அழ எந்தத் தெருவிலிருந்து பெண்கள் கூப்பிடப்பட்டார்கள், பறையடிக்க யார் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்ற வரலாற்றை மறந்துவிட்டு 'ஒப்பாரியை மீட்டெடுப்போம்' என்று கிளம்ப முடியாது. இப்போது மைக் செட்டோடு குழு வந்து இறங்கிப் பாடிவிட்டுப் போகிறது. படித்த பெண்பிள்ளைக்கு மாரடித்து அழுவது வெட்கமாக இருக்கிறது. அழுகைக்கு அவளுக்குக் கிடைத்திருக்கிற இடம் குளியலறைதான்.

எனக்கு ஒப்பாரியைவிடக் கூத்துதான் அதிகம் யோசிக்கத் தருகிறது. வடதமிழகத்தில் காரிய ராத்திரிகளில் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். சாவு வீட்டுக்கு எதிரே, தெருவிலேயே, விடிய விடிய. குந்தி உயிரோடிருந்தவரை மகன் என்று சொல்ல முடியாதவனை, செத்த பிறகு மடியில் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் மகனே என்று கதறுகிறாள். பேசப்படாத துக்கம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பிரதி நமக்கு இல்லை. அதைச் சாவு வீட்டு வாசலுக்கு என்று தேர்ந்தவர்கள் யாரோ, கூர்மையான ஆட்கள். மொட்டையடித்த தலையோடு முன்வரிசையில் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஊர் முழுக்க அங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை, கர்ணனைப் பார்க்கிறார்கள். அவன் அழுதால் கர்ணனுக்காக அழுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் கட்டியங்காரன் வந்து அசிங்கமாக ஏதாவது சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கவும் செய்யலாம். கூடியிருப்பவர்கள் நடுவே மறைந்துகொள்ள இடம் தருகிறது இந்த ஏற்பாடு. பேசு என்று சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. இன்னொருவர் வாயில் தன் துக்கத்தைக் கேட்க வைக்கிறது. குந்தி வேஷம் கட்டுவது ஆண் என்பதும், மகள்கள் அந்த முன்வரிசையில் உட்காருவதில்லை என்பதும் இதன் எல்லை.

ஈழத்தில் யுத்தத்தின் நடுவே இதை வேறு வழியில் கண்டடைந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தனிமனித நோயாக அல்லாமல் சமூகத்தின் காயமாக இதைப் பார்க்கவேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' நாடகம் அந்தக் காயத்தையே மேடையேற்றியது. மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் யேசுசபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஒருவர் ஊரில் மற்றவர் கால்வைக்க அஞ்சிய காலம். அங்கே களிமண், வண்ணம், வேஷம், கதை. துணைக்கு இருந்த அண்ணன் அக்காமார்களில் யுத்தத்தைத் தாங்களே பட்டவர்களும் உண்டு. என்ன நடந்தது என்று கேட்கும் அவசரம் இல்லை. வாரம் ஒருநாள், மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப வர முடிந்தது. கடலூருக்கு வந்த கிரையானுக்கும் இந்த வண்ணத்துக்கும் வித்தியாசம் இந்த மாதக்கணக்கில் இருக்கிறது. வரைந்த தாளை எடுத்துக்கொண்டு யாரும் வேனில் ஏறிப் போய்விடவில்லை.

நம் அரசிடம் இப்போது எண்கள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய 14416 தொலைபேசிச் சேவை நடுராத்திரியில் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தும் என்றால் அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொலைபேசி சாவடி ஆகாது. அதில் பேசுபவர் தனியாகத்தான் இருக்கிறார், வைத்த பிறகும் தனியாகத்தான் இருக்கிறார். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அண்ணன் கையில் என்றால் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலில் ஜிப்மரின் தீக்காய வார்டுக்கு வெளியே ஒரு குடும்பம் காத்துக்கிடக்கிறது. மகளோடு பேசாமலிருந்த அப்பாவுக்கு இனி பேச முடியுமா என்பதே தெரியவில்லை. முன்பின் தெரியாத காத்திருப்பவர்கள் நடுவே வார்த்தை கிடைக்கிறது. ஊரில் வராத பேச்சு அங்கே வருவதற்குக் காரணம், அங்கே யாரும் சொந்தமில்லை, யாரும் நாளைக்கு எதிரே வந்து நிற்கப் போவதில்லை. நம் ஊர்களில் ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான் இப்போதைக்குத் துக்கத்தின் பொதுவெளி.

குள்ளஞ்சாவடி மாதிரி ஒரு ஊரில் இதற்கென்று கட்டடம் வேண்டாம். கட்டடம் வந்தால் திறப்புவிழா வரும், கல்வெட்டு வரும், எந்தத் தெருவில் கட்டுவது என்ற சண்டை வரும். கோயில் மண்டபம் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் நுழைய முடிகிற கோயில் எது என்று முதலில் சொல்லட்டும். பள்ளிக்கூடம் பொது, ஆனால் வாத்தியாரின் கண் இருக்கிற இடத்தில் விலக்குரிமை இல்லை. மிஞ்சுவது நூலகமோ, விளையாட்டு மைதானத்தின் ஓரமோ, முந்திரித் தோப்போ. கையில் வேலை இருக்க வேண்டும்: மண், மூங்கில், முகமூடி, பறை. பறையைச் சாவுக்கு அடிக்கச் சொன்ன தெருவின் பிள்ளைகளே அதை வேண்டும்போது அடிக்கவும் வேண்டாதபோது கீழே வைக்கவும் முடிய வேண்டும். போட்டோ எடுக்கக்கூடாது. அறிக்கை எழுதக்கூடாது. நிதி தருகிறவர் இதற்கு ஒப்ப மாட்டார் என்றால் நிதி வேண்டாம். தன்னுடைய சாவொன்றை ஏற்கெனவே பார்த்த, ஐந்தாறு வயது மூத்த ஆண் ஒருவர், பெண் ஒருவர் இருந்தால் போதும்.

நேரம்தான் சிக்கல். சாயங்காலம் என்றால் பையன்கள் மட்டும் வருவார்கள், பொழுது இறங்கிய பிறகு பெண்பிள்ளையை எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். சனிக்கிழமை பகல் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை இருக்கிறது, அந்தக் கூலி அந்தப் பிள்ளைக்குத் தேவை. உடைக்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது. கைகள் அங்கே ஏற்கெனவே வேலையில்தான் இருக்கின்றன, பேச்சும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.