குறு நெம்புகோல்: லாபம் எது, நட்டம் எது?

கார் ஆர்வலர் பலர், தொழிற்சாலை பொருத்தித் தந்த கியர் நெம்புகோலைக் கழற்றிவிட்டு, ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்னும் குறு நெம்புகோலையும் கனமான குமிழ் ஒன்றையும் விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். கை நகர வேண்டிய தூரம் குறையும். ஆகவே கியர் விரைவாக மாறும் என்பது விற்போர் கூற்று. கூற்றின் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையா? பள்ளியில் நாம் படித்த நெம்புகோல் விதியைக் கொண்டே உரசிப் பார்ப்போம்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காரை எடுத்துக்கொள்வோம். இதில் நெம்புகோலின் அடிமுனை நேராகக் கியர்ப்பெட்டிக்குள் இறங்குகிறது. இடையில் நீண்ட கம்பிகளோ வடங்களோ இல்லை. எனவே, இந்த மாற்றத்தைச் செய்வதும் எளிது, ஆராய்வதும் எளிது.

கணக்கு எளிதாக இருக்கச் சில அளவுகளை நாமே வைத்துக்கொள்வோம். நெம்புகோல் ஓர் ஆதாரப் புள்ளியில் அசைகிறது. அதற்கு மேலே 300 மி.மீ., கீழே 60 மி.மீ. நீளம் என்க. விகிதம் 5. அடிமுனை 12 மி.மீ. நகர, மேலுள்ள குமிழ் 60 மி.மீ. நகர வேண்டும். அடிமுனையில் 150 நியூட்டன் விசை தேவையானால் கை 30 நியூட்டன் தந்தால் போதும்.

குறு நெம்புகோலில் ஆதாரப் புள்ளி சற்று மேலே ஏற்றப்படுகிறது. மேலே 280, கீழே 80 மி.மீ. ஆகிறது. விகிதம் 3.5. இப்போது குமிழ் 42 மி.மீ. நகர்ந்தால் போதும், தூரம் 30 சதவீதம் குறைந்துவிட்டது. ஆனால் கை தர வேண்டிய விசையோ 30-லிருந்து ஏறத்தாழ 43 நியூட்டனாக உயர்கிறது. அதாவது 43 சதவீதம் கூடுதல்! தூரத்தையும் விசையையும் பெருக்கிப் பாருங்கள். இரு முறையும் செய்யப்பட்ட வேலை 1.8 ஜூல்தான். விளம்பரம் 30 சதவீதத்தைச் சொல்கிறது. 43 சதவீதத்தைச் சொல்வதில்லை.

இனி, பெட்டிக்குள் நடப்பதைக் காண்போம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களைச் சேர்க்கு முன் அவற்றின் வேகங்களைச் சமப்படுத்த வேண்டும். இதனைச் செய்வது ‘சிங்க்ரோமெஷ்’ அமைப்பு. 1928-இல் காடிலாக் கார்களில் இது முதன்முதலாக வந்தது. இன்றைய பெட்டிகளில் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையம் ஒன்று கூம்பு வடிவப் பரப்பின்மீது அழுந்தி, உராய்வினால் வேகத்தைச் சமமாக்குகிறது. அழுத்தும் விசை குறைந்தால் உராய்வும் குறையும். வேகம் சமமாக நேரம் கூடுதலாகும்.

விந்தை இங்குதான் இருக்கிறது. ஓட்டுநர் பழைய பழக்கப்படி 30 நியூட்டன் விசையுடனேயே தள்ளினால், வளையத்தை அடையும் விசை 150-லிருந்து 105 நியூட்டனாகத் தாழ்கிறது. வேகம் சமமாக முன்னைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு நேரம் பிடிக்கும். கையின் பயணத்தில் மிச்சமான நேரத்தை வளையம் வாங்கிக்கொள்கிறது! பொறுமையிழந்து ஓங்கித் தள்ளினால் வளையம் தேயும். கியரை நகர்த்தும் கவைகளும் வருந்தும். இத்தேய்மானத்திற்குக் காரணம் குறு நெம்புகோல் அன்று. அது ஊட்டும் அவசரமே.

கனமான குமிழின் பயன் வேறு. தடையில்லாத தூரத்தில் கை அதற்குத் தந்த இயக்கத்தை அது தடை வரும் இடத்தில் செலவிடுகிறது. ஆதலால் கைக்கு இழுபறி தெரிவதில்லை. இது மென்மையே தவிர புதிய ஆற்றல் அன்று. மேலும், உலோகக் குமிழ் வெயிலில் நின்ற காரில் கையைச் சுடும். அதே வெப்பநிலையிலுள்ள மரக் குமிழ் அவ்வளவு சுடாது. உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம். வாங்குமுன் மரையையும் பார்க்க வேண்டும். 10 மி.மீ. தடிமன் ஒன்றாயிருந்தும், புரியிடைத் தூரம் ஒரு காரில் 1.25 மி.மீ., மற்றொன்றில் 1.5 மி.மீ. என வேறுபடும். வலிந்து திருகினால் மரை கெடும்.

அப்படியானால், பொருத்தியவர்கள் கியர் மாற்றம் சீராகிவிட்டது என்று மகிழ்வது பொய்யா? பொய்யன்று. பழைய எம்.எக்ஸ்-5 கார்களில் அடிமுனையின் நைலான் புஷ் தேய்ந்திருக்கும். ரப்பர் உறை கிழிந்திருக்கும். நெம்புகோல் அமரும் குழியில் எண்ணெய் வற்றியிருக்கும். குறு நெம்புகோலைப் பொருத்துவோர் பெரும்பாலும் இவற்றையும் சேர்த்தே புதுப்பிக்கின்றனர். புகழ் மட்டும் நெம்புகோலுக்குப் போய்விடுகிறது! ஆதலால் முதலில் புஷ்ஷையும் உறையையும் மாற்றி, எண்ணெய் ஊற்றி, பழைய நெம்புகோலையே பொருத்தி ஓட்டிப் பார்ப்பதே முறை. அதன் பின்னும் குறுகிய அசைவை விரும்புவோர் அந்த விருப்பத்திற்காகவே வாங்கலாம். கார் வேகமெடுக்கும் என்பதற்காக அன்று.

மாணவர்கள் இதைச் சோதித்தும் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, கிளட்சை ஒருவர் மிதித்திருக்க, மற்றவர் குமிழை ஒரு வில்தராசினால் இழுத்து விசையையும், அளவுகோலால் தூரத்தையும் குறிக்கட்டும். இரண்டையும் பெருக்கிய பின் விளம்பரத்தை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.