சகல ஜாதிகளும்!

தென்பெண்ணைக் கரையிலே திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோயில் கோபுரம் வானளாவி நிற்கும் இவ்வூரிலேதான் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் இருக்கிறது. பனி படர்ந்த டென்மார்க்கினருக்குப் பெண்ணையாற்றங்கரையிலே என்ன வேலை? அனுப்பியவர் யார்?

கேட்டால், மத்தேயு சுவிசேஷத்தின் 28ஆம் அதிகாரத்தை விரித்துக் காட்டுவர். உயிர்த்தெழுந்த இயேசு, எல்லா மக்களையும் சீடராக்குமாறு பணித்தாராம். ஏடு காட்டியவுடன் தலை வணங்குவது நம் வழக்கமன்று. புராணத்தைப் புரட்டிப் பார்க்கும் நாம் சுவிசேஷத்தையும் புரட்டிப் பார்ப்போம். ஓரவஞ்சனை நமக்கு ஆகாது.

அதே மத்தேயுவின் 10ஆம் அதிகாரம் என்ன கூறுகிறது? பிற இனத்தாரிடம் போகவேண்டாம், இஸ்ரவேலரிடமே செல்க என்கிறது! மாற்கு 16இன் இறுதியிலும் இத்தகைய கட்டளை உண்டு. ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் அந்த இறுதிப்பகுதியே இல்லை. அக்கட்டளை முதற் சீடரோடு முடிந்தது என்றே 17ஆம் நூற்றாண்டு லூத்தரன் அறிஞர் பலர் வாதிட்டனர். இல்லை, இன்றும் அது நம்மைக் கட்டுப்படுத்தும் என்று வில்லியம் கேரி நூலெழுதியது 1792இல். வசனம் ஒன்றே, படித்த கண்கள் வேறு!

போகட்டும். கட்டளை உண்மையானது என்றே கொள்வோம். பழைய தமிழ் விவிலியம் அதனை எவ்வாறு பெயர்த்தது? ‘சகல ஜாதிகளையும்’ என்று! கிரேக்க மூலத்தின் சொல் மக்களினங்களைக் குறிப்பது. தமிழன் காதிலோ ‘ஜாதி’ என்றே விழுந்தது. மொழிபெயர்ப்பின் விபத்துதான், ஆயினும் இந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வித்தாள் வேறில்லை.

அத்தேர்வில் தேறியவர் எத்தனை பேர்? திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறினார் கார்ல் ஓக்ஸ். 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் அவரை ஏற்றுக்கொண்டதுதான் டேனிஷ் மிஷன் சங்கம். ஆக, திருக்கோவிலூர் மருத்துவமனையின் வரலாற்று வேரிலே சாதியை எதிர்த்த சினம் ஒன்று இருக்கிறது. அதனை மறைப்பது நேர்மையன்று.

எனினும், இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேதான் எறையூரும் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்கருள் தலித் மக்கள், தம்மை ஒதுக்குவது பொறாது தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். 1995இல் வந்த திருவிவிலியம், ‘ஜாதி’யை நீக்கி ‘மக்களினத்தார்’ என்று திருத்தியிருந்தது. ஏட்டிலே சொல் மாறியது. ஊரிலே சாதி மாறவில்லை!

கலாசாலையும் மருத்துவமனையும் கண்டவர்களை நாம் இகழவில்லை. பூட்டிய கதவுகள் நிறைந்த நாட்டிலே சில கதவுகளைத் திறந்தவர்கள் அவர்கள். நாம் கேட்பது ஒன்றே. ‘புறப்படுங்கள்’ என்னும் சொல்லை நிறைவேற்றக் கப்பல் போதும். ‘சகல’ என்னும் சொல்லை நிறைவேற்ற நெஞ்சம் வேண்டும். அந்நெஞ்சம் எங்கே?

தோழர்களே! இக்கேள்வியை மாதா கோயில் வாயிலிலே கேட்டுவிட்டு நாம் வீடு திரும்பிவிடலாகாது. நம் வீட்டுத் திருமணப் பந்தலின் வாயிலிலும் அதைக் கேட்போம். விடை அங்கேயும் கிடைக்கவேண்டும்!