ஏலத்தில் விலை போகாத கடிகாரம்

வியாபாரத்தில் பெரிய ஆளாகத் தெரிய வேண்டுமானால் கையில் ரோலெக்ஸோ ஒமேகாவோ இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நெதர்லாந்தில் நெலிசன், மெய்யர்ஸ் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பெண் ஒரே கேள்வித்தாளுடன் கடைக்கு வந்தவர்களை அணுகினார். மேலாடையில் பேர்பெற்ற நிறுவனத்தின் சின்னம் இருந்தபோது பாதிப்பேருக்கு மேல் நின்று பதில் சொன்னார்கள். சின்னம் இல்லாதபோது ஏழில் ஒருவர்தான் நின்றார். முன்பின் தெரியாத ஆளை எடைபோட ஏதாவது ஓர் அடையாளம் தேவைப்படுகிறது, விலை உயர்ந்த கடிகாரம் அதற்கு உதவுகிறது. ஆனால் அந்த உதவி முதல் சந்திப்போடு தீர்ந்துபோகிறது என்பதுதான் என் வாதம். அதற்குப் பிறகும் அதையே நம்பியிருக்கும் வியாபாரிக்கு அது செலவுக் கணக்கில்தான் சேரும்.

இதை உரசிப் பார்க்கப் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரம் நல்ல இடம். போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரியின் முன்னால் கணினியும் மாதிரிக் காயும் இருக்கும். காயைத் தட்டில் கொட்டி நிறம் பார்க்கிறார், 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் எவ்வளவு தேறும் என்று கணிக்கிறார், லிட்டர் எடையைக் கவனிக்கிறார், ஒரு காயை உரித்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். அதன் பிறகே விலை கேட்கிறார். யார் மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்பதற்காக அங்கே கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இவர் பணம் தருவாரா என்ற கேள்விக்கும் கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை. வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அவர் இதுவரை எப்படிப் பட்டுவாடா செய்தார் என்பதும் ஊருக்கே தெரியும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், மூன்றே ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்தச் சரிவிலும் சொன்ன தேதியில் பணம் கொடுத்தவரை விவசாயி மறக்க மாட்டார். அதே விவசாயி, தன் காயைக் குறைந்த விலைக்கு எடுத்தவர் கையில் பத்து லட்ச ரூபாய்க் கடிகாரத்தைக் கண்டால், அது எந்த லாபத்தில் வந்தது என்றுதான் யோசிப்பார். போடி பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் கூலி உயர்வு கேட்கும்போது, "கட்டுபடியாகலைம்மா" என்று அப்படியொரு கடிகாரம் கட்டிய கையை விரித்துக் காட்ட முதலாளியால் முடியுமா? இந்தக் கணக்கைத்தான் கடிகாரத்துக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் போடுவதே இல்லை.

விலை உயர்ந்த பொருள் மதிப்போடு கேள்வியையும் கூட்டிவருகிறது. கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா, நண்பர் பரிசளித்ததாகச் சொன்ன ஹூப்லோ கடிகாரத்தை 2016இல் அரசுச் சொத்தாக ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில், அன்றைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரத்துக்குப் பில் எங்கே என்று அன்றைய தி.மு.க. அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். பில்லை வெளியிடும்வரை மாதக்கணக்கில் அதுவே பேச்சாக இருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே விஷயமில்லை. பார்த்தவர்கள் விலையை விசாரித்தார்கள், அடுத்த நொடியே வருமானத்தையும் விசாரித்தார்கள். அரசியலுக்கு மட்டும் உரியதல்ல இது: 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்கும் கடைக்காரர் ஒரு சதவீத வரியை வாங்குபவரிடம் பிடித்துக் கட்ட வேண்டும். வருமானவரித் துறையும் மணிக்கட்டைக் கவனிக்கிறது.

விலை உயர்ந்த கடிகாரத்தை வசதி இல்லாதவனால் வாங்க முடியாது, ஆகவே அது பொய் சொல்லாத சாட்சி என்பார்கள். ஏமாற்ற முடியாத அளவுக்குச் செலவு பிடிக்கும் அடையாளமே நம்பத்தக்கது என்பது 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் முன்வைத்த பொருளாதாரக் கருத்துக்கு நெருக்கமானது, வாதம் வலுவானதுதான். ஆனால் மாதத் தவணையும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ போலிகளும் அந்தச் சாட்சியைக் கெடுத்துவிட்டன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் அவற்றை முழுப்பணம் கொடுத்து வாங்கிய அசலிலிருந்து பிரித்தறிய முடியாது. முதலீடு என்ற வாதம் இன்னும் பலவீனம்: ரோலெக்ஸ், பட்டேக் பிலிப் போன்றவற்றின் சில மாடல்களைத் தவிர, பெரும்பாலானவை கடையை விட்டு இறங்கியதுமே விலை குறைகின்றன. நேரந்தவறாமைக்கு அடையாளம் என்றால், ஓசூரில் டைட்டன் செய்யும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் லட்ச ரூபாய் மெக்கானிக்கல் கடிகாரத்தைவிடச் சரியாக ஓடும்.

வளைகுடாவிலோ டெல்லியிலோ புதிய வாங்குபவரைச் சந்திக்கும் ஏற்றுமதியாளருக்கு அந்த முதல் ஐந்து நிமிடம் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கடிகாரத்துக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையும் குறையப் போகிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதி வரி படிப்படியாக நீங்குகிறது. வரி நீங்கி விலை இறங்கினால் இன்னும் பலர் கையில் அதே கடிகாரம் ஏறும்; தனித்துத் தெரிவதற்காக வாங்கியவர் அதைவிட விலை கூடிய இன்னொன்றைத் தேட வேண்டிவரும். லாபம் குறைந்த ஆண்டிலும் அந்தத் தேடலுக்கு அவர் பணம் ஒதுக்கியாக வேண்டும்.