வீணாய்ப்போன மூஸ்

ஜான் க்ராகவர் 1996ல் எழுதிய ‘இன்டு த வைல்ட்’ புத்தகத்தை இரண்டாம் தடவையாகப் படித்தேன். முதல் தடவை, கிறிஸ் மக்காண்ட்லெஸ் என்ற இருபத்துநாலு வயதுப் பையன் அலாஸ்காக் காட்டில் எப்படிச் செத்தான் என்று அறிகிற அவசரம் எனக்கு. இந்தத் தடவை மனம் போய் நின்ற இடம் வேறு: 1992 ஜூன் 9ந் தேதி அவன் ஒரு மூஸைச் சுடுகிறானே, அந்த இடம்.

மூஸ் என்பது மான் ஜாதியிலேயே பெரியது. அலாஸ்காவில் வளர்ந்த கடா 500 கிலோவைத் தாண்டும். பையன் கையில் இருந்ததோ முயலும் அணிலும் சுடுகிற புள்ளி இருபத்திரண்டு ரகத் துப்பாக்கி. அதனாலேயே வீழ்த்திவிட்டான். கஷ்டம் அதற்குப் பிறகுதான். அத்தனை பெரிய உடம்பு சூட்டை உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். உடனே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, தோலை உரித்து, துண்டம் போட்டு ஆறவிடாவிட்டால் எலும்பை ஒட்டிய சதை கெட்டுப்போகும். பிறகு மெல்லிய கீற்றுகளாக அரிந்து காற்றாடத் தொங்கவிட வேண்டும். அலாஸ்கா வேட்டைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். உப்புக்கண்டம் போடத் தெரிந்த நம் ஊர்ப் பாட்டி யாரும் அதையேதான் சொல்லியிருப்பாள். பையனுக்கு யோசனை சொன்னவர்கள் தெற்கு டகோட்டாக்காரர்கள். புகை போடு என்றார்கள். ஓடைக்கரையில் குழி பறித்து, பெரிய பெரிய துண்டங்களாகவே புகையில் வைத்தான். கனத்த சதையில் புகை மேலாகத்தானே படியும்? ஈக்கள் விடுமா? 14ந் தேதி புழு வைத்துவிட்டது. மீதியை ஓநாய்களுக்கு விட்டான். சுடாமலே இருந்திருக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி வருந்தினான்.

இந்தச் சில நாட்களை க்ராகவர் சுருக்கமாகவே சொல்லிப் போய்விடுகிறார். 1977ல் தாம் ஏறிய மலைக்கு இரண்டு அத்தியாயம்! பையன் தின்ற விதையில் விஷம் இருந்ததா என்பதற்கு நீண்ட விசாரணை. அந்த முடிவையும் 2013லும் 2015லும் அவரே மாற்றிக்கொண்டார். விஷம் இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். அது பையனைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? மூஸ் சொல்கிறது. அவன் கெட்டிக்காரத்தனம், அரைகுறை ஞானம், ஈ மொய்க்க மொய்க்க இராப்பகலாக வேலை செய்த பிடிவாதம், கடைசியில் பழியை வேறு யார்மேலும் போடாத குணம், எல்லாம் அந்த ஓடைக்கரையில் இருக்கின்றன. கதை எழுதுகிறவன் எவனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையன் தங்கியிருந்த பழைய பஸ்ஸருகே எலும்புகளைப் பார்த்த அலாஸ்கா வேட்டைக்காரர்கள், அது மூஸ் அல்ல, காரிபு என்றார்கள். அந்த வித்தியாசங்கூடத் தெரியாமல் காட்டுக்குள் போனவன் என்று ஆயிற்று. 1993ல் பத்திரிகைக் கட்டுரையில் க்ராகவரும் அப்படியே எழுதிவிட்டார். பையன் எடுத்த போட்டோக்களில் இருந்தது மூஸ்தான். செத்தவன் வந்து கேட்கப்போவதில்லை, சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். க்ராகவர் தாம் தப்பாக எழுதியதைப் புத்தகத்தில் சொல்லியே திருத்துகிறார். விஷ விசாரணை முழுவதையும்விட எனக்கு அந்தச் சில வரிகள் உசத்தி.