ராமானுஜர் தர்க்கத்தை ஏன் மறுத்தார்?

இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வீட்டுக்கு வந்த அப்பாவின் நண்பரிடம் பயங்கரமாக வாதாடினேன். "பானையைப் பார்த்தா குயவன் இருக்கான்னு தெரியுது, உலகத்தைப் பார்த்தா கடவுள் தெரியலையா?" என்று அவர் கேட்க, நான் ஹ்யூமை எடுத்துவிட்டேன். கப்பல் கட்டப் பல பேர் சேர்வதில்லையா, உலகத்துக்கு மட்டும் ஒரே ஆள் என்று எப்படிச் சொல்கிறீர்கள், இப்படி. நண்பர் திணறினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் சொன்னார்: "இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டா நான் கோயிலுக்குப் போறேன்?" நழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வருஷம் கழித்து ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தை ஜார்ஜ் திபோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1904) படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பிரம்ம சூத்திரம் 1.1.3க்கான உரையில் அதே வாதம் இருக்கிறது! ஹ்யூமின் உரையாடல் நூல் அவர் இறந்தபின் 1779இல்தான் வெளிவந்தது. ராமானுஜர் 11-12ஆம் நூற்றாண்டுக்காரர்.

முதலில் எதிராளியின் கட்சியை வஞ்சனையில்லாமல் வைக்கிறார். மலைக்கும் பூமிக்கும் உறுப்புகள் இருக்கின்றன, ஆகவே அவை பானையைப் போலச் செய்யப்பட்டவை, செய்தவன் ஒருவன் வேண்டும். பிறகு பிரித்து மேய்கிறார். செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நேரத்தில், ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்துதானே கட்டுகிறார்கள்? தவிர, நாம் கண்ட எல்லாக் கர்த்தாக்களுக்கும் உடம்பு இருக்கிறது. குயவனை வைத்து அனுமானித்தால் பெரிய குயவன்தான் கிடைப்பான், உடம்பும் வினையும் இல்லாத ஈஸ்வரன் கிடைக்கமாட்டான்.

ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கே வாழ்ந்த மனிதர் இதை ஏன் செய்யவேண்டும்? காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது. வேறு வழியில் அறியமுடியாததைச் சொல்வதுதான் சாஸ்திரத்தின் வேலை. கடவுளை யுக்தியாலேயே நிறுவிவிடலாம் என்றால் அந்த விஷயத்தில் வேதத்துக்கு வேலையில்லை. நையாயிகர்களுக்கோ நெருக்கடி வேறு. அவர்களுக்கு வேதம் பிரமாணம் ஆவது அதை ஈஸ்வரன் சொன்னதால். அந்த ஈஸ்வரனையும் வேதத்தை வைத்தே நிறுவினால் வட்டமடித்து நிற்கவேண்டியதுதான். ஆகவே அவர்களுக்கு அனுமானம் கட்டாயம் வேண்டும். உதயணர் நியாயகுஸுமாஞ்சலியில் அத்தனை பாடுபட்டது சும்மா இல்லை. ராமானுஜருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேதம் யாராலும் இயற்றப்படாதது, யாருடைய சான்றிதழும் அதற்குத் தேவையில்லை.

என் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. உடம்பில்லாத கர்த்தாவை எங்கும் கண்டதில்லை என்று எதிராளியை மடக்கினாரே, அதே அளவுகோலை இங்கே வைத்தால்? சொல்பவர் இல்லாத வாக்கியத்தை யார் எங்கே கண்டார்கள்? வேதத்தை இயற்றியவர் என்று ஒருவர் நினைவுகூரப்படவே இல்லையே என்பது மீமாம்சகர்களின் பழைய பதில். எங்கள் ஆபீஸில் பதினைந்து வருஷப் பழைய மாட்யூல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, கமென்டில் பெயர் இல்லை, ஹிஸ்டரியும் போய்விட்டது. அதற்காக அதை யாரும் எழுதவில்லை என்று சொல்லமுடியுமா?

(மெய்கண்டார் வேறு பாதை. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி, ஒடுக்குபவனை அனுமானிக்கிறது. அதன்மேல் ராமானுஜரின் கேள்விகளைப் போட்டுப் பார்க்கவேண்டும். தனியாக எழுதுகிறேன்.)

ஆக, அவர் யுக்தியை மறுத்தார் என்று மொட்டையாகச் சொல்வது சரியில்லை. பிறர் கட்சியை உடைக்க அதைக் கடைசிவரை பயன்படுத்துகிறார், தன் அஸ்திவாரத்தின் பக்கம் மட்டும் அதே கடுமையோடு திருப்பவில்லை. ஆனால் அந்த மறுப்புப் பகுதி, பக்திக்காரர் எழுதியது என்பதாலேயே, எந்த நாத்திகப் புத்தகத்தைவிடவும் நேர்மையாக எனக்குப் படுகிறது. வாட்ஸ்அப்பில் "கடவுள் இருப்பதற்கு விஞ்ஞான நிரூபணம்" அனுப்புகிறவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

போன வாரம் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். "நீங்க அன்னிக்கு சொன்னதைத்தான்பா உடையவரும் சொல்லியிருக்கார், கணக்குப் போட்டு கடவுளைப் பிடிக்கமுடியாதுன்னு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவரே சொல்லியிருக்காரா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பழைய மாட்யூல் விஷயத்தை நான் எடுக்கவில்லை.