ஆங்கில வினைகளும் பரிமாற்றத் தொடர்களும்

நூலில் எழுதிய விதிக்கும் வழக்கில் வாழும் மொழிக்கும் இடையே முரண் தோன்றுமாயின், வழக்கை நோக்கி விதியைத் திருத்துதலே ஆராய்வார் கடன். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்கும் நம்மிடையே அம்மொழி பற்றிய பழைய பள்ளி விதிகள் சில இன்றும் ஐயுறவின்றி ஏற்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலத்தில் 'ஈச் அதர்', 'ஒன் அனதர்' என்னும் தொடர்கள், ஒருவர் செயல் மற்றவரைச் சார்தலையும் மற்றவர் செயல் அவரைச் சார்தலையும் ஒருங்கே உணர்த்துவன. இவற்றைப் பரிமாற்றத் தொடர் எனக் குறிப்போம். 'ஈச்', 'அபீஸ்' போல்வன ஒரு தொகுதியின் உறுப்புதோறும் செயலையோ பொருளையோ பகுத்துக் காட்டுவன. இவற்றைப் பகிர்வுத் தொடர் எனலாம். பள்ளி இலக்கணங்கள் முன்னவற்றை எண்ணால் வரையறுத்தன. இருவராயின் 'ஈச் அதர்', மூவரும் அவரின் மிக்காருமாயின் 'ஒன் அனதர்' என்றன. எண் இத்தொடர்களின் பொருளை வரையறுப்பதன்று. உடன் வரும் வினையே அதனை வரையறுக்கும் என்பது நம் கருத்து.

எண் பற்றிய விதி ஆங்கிலேயரிடையேயே உடன்பாடு பெற்றதன்று. ஆங்கில வழக்கைப் பற்றி 1926இல் பெருநூல் வெளியிட்ட ஃபௌலர், இவ்வேறுபாட்டால் பயனும் இல்லை, பழைய வழக்கின் சான்றும் இல்லை எனத் தள்ளினார். இன்று இதனைச் சோதித்தறியத் தொகுப்புகள் உள்ளன. 1961இல் அச்சான அமெரிக்க உரைகளிலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்களைக் கொண்டு அமைந்தது பிரவுன் பல்கலைக்கழகத் தொகுப்பு. 1994இல் நிறைவுற்ற பிரித்தானியத் தேசியத் தொகுப்பு பத்துக் கோடிச் சொற்களைக் கொண்டது. இத்தகைய தொகுப்புகளைப் புரட்டுவார், இருவர்க்கு 'ஒன் அனதர்' வருதலையும் பலர்க்கு 'ஈச் அதர்' வருதலையும் எளிதிற் காண்பர். இரண்டனுள் 'ஈச் அதர்' பெருவழக்கு. 'ஒன் அனதர்' சற்றே எழுத்து நடையைச் சார்ந்தது. வேறுபாடு நடையைப் பற்றியதேயன்றி எண்ணைப் பற்றியதன்று.

இனி வினைகளை நோக்குவோம். 'மீட்', 'மேரி', 'கிஸ்', 'கொலைட்' போன்ற வினைகள் பன்மை எழுவாயோடு பரிமாற்றத் தொடரின்றியே தம்முள் நிகழும் பொருளைத் தரும். 'தே மெட்' என்றாலே அவர்கள் தம்முள் சந்தித்தனர் என்பது பெறப்படும். 'லவ்', 'ஹேட்', 'ஹெல்ப்', 'ரிசெம்பிள்' போன்றவை அவ்வாறு வாரா. 'தே ரிசெம்பிள்' என்று நிறுத்தின் தொடர் முடியாது. 'ஈச் அதர்' வந்தே தீர வேண்டும். முன்னவை இருவர் சேர்ந்து இயற்றும் ஒரே செயலைக் குறிப்பன. பின்னவற்றில் ஒருவர்பால் உள்ளதும் மற்றவர்பால் உள்ளதும் தனித்தனியே நிற்றல் கூடும். ஒருவன் வெறுக்க மற்றவன் வெறாதிருத்தல் இயலும். ஒருவன் மணக்க மற்றவள் மணவாதிருத்தல் இயலாது.

இவ்வேறுபாட்டைக் 'கொலைட்' என்னும் வினை தெளிவாக்கும். இரண்டு ஊர்திகள் எதிரெதிரே வந்து மோதின், இரண்டனையும் எழுவாயாக்கிக் 'கொலைடட்' என்பர். ஊர்தி மரத்தில் மோதின், ஊர்தியை எழுவாயாக்கி 'வித்' என்னும் முன்னிடைச்சொல்லால் மரத்தைக் கூறுவர். ஊர்தியும் மரமும் 'கொலைடட்' என்றல் வழக்கொடு பொருந்தாது. தமிழிலும் பேருந்தும் லாரியும் மோதிக்கொண்டன என்போம். பேருந்து மரத்தில் மோதியது என்போமேயன்றிப் பேருந்தும் மரமும் மோதிக்கொண்டன என்னோம். ஆங்கிலத்தில் எழுவாயின் அமைப்புக் காட்டுவதனை நம் மொழியில் 'கொள்' என்னும் துணைவினையும் சேர்ந்து காட்டுகின்றது.

பரிமாற்றத் தொடர் வந்தவிடத்தும் அதன் பொருள் ஒருபடித்தாக இல்லை. நான்கு மாணவர் 'ஈச் அதர்' என்பதனோடு 'நோ' என்னும் வினை கொண்டு வரின், ஒவ்வொருவரும் ஏனை மூவரையும் அறிவர் என்பது பொருள். ஆகப் பன்னிரண்டு அறிதல்கள் உள. அந்நால்வரே வரிசையாக ஒருவர் அருகில் ஒருவர் நின்றனர் என்னுமிடத்து, அடுத்தடுத்து நிற்கும் இணைகள் மூன்றே. 'ஃபாலோ' என்னும் வினையால் அவர் ஒருவர் பின் ஒருவராக அறைக்குட் புகுந்ததைக் கூறின், முதலில் நுழைந்தவன் எவரையும் தொடர்ந்திலன். இறுதியில் நுழைந்தவனை எவரும் தொடர்ந்திலர். தொடர் ஒன்றே, பொருளோ மூன்று. எண் மாறாதிருக்கவும் பொருள் மாறியதாதலின், மாற்றத்திற்குக் காரணம் வினையே என்பது தேற்றம்.

மொழியியலார் இதனை முன்னரே கண்டனர். ஃபியெங்கோ, லாஸ்னிக் என்னும் இருவர் 1973இல் பரிமாற்றத் தொடர்களின் அளவையியல் அமைப்பை ஆராய்ந்தனர். டால்ரிம்பிளும் உடன் ஆய்ந்தோரும் 1998இல் ஒரு கொள்கையை முன்வைத்தனர். வினையின் பொருளும் சூழலும் இடந்தரும் அளவிற்கு மிக வலிய பொருளையே இத்தொடர் ஏற்கும் என்பது அதன் சாரம். எல்லாரும் எல்லாரையும் அறிதல் கூடுமாதலின் 'நோ' முழுப்பொருளை ஏற்கும். வரிசையில் எல்லாரும் எல்லாரையும் அடுத்து நிற்றல் கூடாதாதலின் அங்குப் பொருள் மெலியும். இது சிறந்த விளக்கமே. ஆயினும் வழக்கு முழுவதும் இதனுள் அடங்கிற்றில்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளை 'ஆன் டாப் ஆஃப் ஈச் அதர்' என்பது ஆங்கிலத்தில் இயல்பான வழக்கு. அடித்தட்டு எதன்மேலும் இல்லை என்று எவரும் குறை கூறார். ஆனால் இருவரைச் சுட்டி, அவர் 'டாலர் தேன் ஈச் அதர்' என்று கூறுதல் இல்லை. மேலிருத்தலும் உயர்ந்திருத்தலும் ஒருவழிப்பட்ட உறவுகளே. ஒன்று வழக்கில் நின்றது, மற்றொன்று நில்லாதாயிற்று. மெலிந்த பொருளை ஏற்கும் வாயில் இரண்டிற்கும் ஒத்திருக்கவும், ஒன்று மட்டும் விலக்கப்பட்டது ஏன் என்பதற்கு அக்கொள்கை ஒன்றே விடையாகாது. அளவையியல் வழிகாட்டுமிடத்தும் வழக்கைத் தனித்தனியே நோக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தேதான் நம் மொழிபெயர்ப்பாளர் இடறுவர். தமிழில் 'அவர்கள் ஒருவரைவிட ஒருவர் திறமையானவர்கள்' என்பது செவ்விய தொடர். யார் மிக்கார் எனத் துணிய இயலாதவாறு யாவரும் திறமை மிக்கார் என்னும் பாராட்டே அதன் கருத்து. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்து 'தேன் ஈச் அதர்' என முடிப்பின், அது பிழையாகும். அங்கு 'ஈச் மோர் டேலன்டட் தேன் த நெக்ஸ்ட்' என்னும் பாங்கில், ஒவ்வொருவராக எண்ணிச் செல்லும் பகிர்வுத் தொடரே வழக்கு. தமிழ் பரிமாற்றமாகக் கூறுவதனை ஆங்கிலம் பகிர்வாகக் கூறுகின்றது.

பகிர்வுத் தொடரும் வினையை நோக்கியே அமையும். சிறுவர் மூன்று மாம்பழம் தின்றனர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் கூறின், மொத்தம் மூன்றோ ஆளுக்கு மூன்றோ என்னும் ஐயம் எழும். இறுதியில் 'ஈச்' சேர்ப்பின் ஐயம் அகலும். தமிழில் 'மும்மூன்று' என எண்ணை அடுக்கி இதனைத் தீர்ப்போம். ஆயின், கூடுதலைக் குறிக்கும் 'கேதர்' என்னும் வினையோடு, ஆட்களை எண்ணிப் பகுக்கும் 'ஈச்' இயையாது. தனியொருவன் கூடுதல் என்பது இல்லை. வினைமுற்றின் எண்ணும் இச்சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 'ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ்' என்று ஒருமையும், 'த பாய்ஸ் ஈச் ஹேவ்' என்று பன்மையும் வரும். முன்னதில் 'ஈச்' எழுவாய்க்குத் தலையாயிற்று. பின்னதில் எழுவாயின் பின் நின்று பகுத்தற்றொழிலை மட்டும் செய்தது.

இரு மொழிகளின் அமைப்பு வேறுபாடும் ஒன்று உளது. தமிழில் 'ஒருவரை ஒருவர்', 'ஒருவரோடு ஒருவர்' எனச் செய்வானும் செயப்படுவானும் தனிச்சொல்லாய், ஒன்று உருபேற்றும் மற்றொன்று ஏலாதும் நிற்பர். 'ஒன்றையொன்று' எனத் திணையும் புலப்படும். ஆங்கிலத்தின் பழைய வழக்கில் 'ஈச் டு அதர்' என முன்னிடைச்சொல் இரண்டற்கும் இடையே நின்றதுண்டு. பின்னர் இரண்டும் ஒரு சொல் நீர்மைத்தாய் இறுகின. 'டு ஈச் அதர்' என முன்னிடைச்சொல் வெளியே வந்தது. இங்ஙனம் இறுகியமையால், யார் யாரைச் செய்தார் என்னும் பகுப்பைத் தொடரே காட்டும் ஆற்றல் குறைந்தது. அதனாலும் அப்பொறுப்பு வினையின்மேற் சென்றது எனக் கொள்ளல் தகும்.

ஆதலின், விடைத்தாளில் பலர்க்கு 'ஈச் அதர்' எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தல் முறையன்று. அவன் வழக்கின்படியே எழுதினான். மாறாக, 'ரிசெம்பிள்' என்பதனைத் துணையின்றி நிறுத்தியவிடத்தும், 'டாலர் தேன் ஈச் அதர்' என எழுதியவிடத்தும் ஆசிரியர் திருத்துதல் வேண்டும். எண்ணைக் கணக்கிடும் விதியைக் கற்பிக்கச் செலவிடும் நேரத்தை, வினைகளை வகைப்படுத்திக் காட்டச் செலவிடின் மாணவர் பயன் பெறுவர். தமிழ் வினைகளுள் 'கொள்' ஏற்றுத் தம்முள் நிகழ்தலைக் காட்டுவன எவை, ஏலாதன எவை என்னும் பட்டியலும் உடன் தொகுக்கப்படின், இரு மொழி ஒப்பாய்வுக்கு அஃது உறுதியான அடிப்படையாகும். ஆய்வு மாணவர் ஒருவரேனும் அப்பணியை மேற்கொள்வாராக.