குதிகாலடியில் ஒரு மிதி

டிராக்டரில் ஏறினால் எல்லோர் கண்ணும் ஸ்டியரிங்கில்தான். ஓட்டுநரின் வலது குதிகாலருகே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மிதியை யாரும் பார்ப்பதில்லை. டிஃபரன்ஷியல் லாக். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டுமே, அதற்காகப் பின்சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுற்றவிடுகிறது டிஃபரன்ஷியல். நல்ல ஏற்பாடுதான், சேற்றில் இறங்கும்வரை. அங்கே வழுக்கிய சக்கரம் மட்டும் வெறிபிடித்துச் சுற்றும்; கெட்டித்தரையில் நிற்பது, இலை போடாத பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி சும்மா இருக்கும்.

டெல்டாவில் அறுப்பு முடிந்த ஈரவயலிலிருந்து நெல்மூட்டைகளோடு வண்டி ஏறுகிறது. சேறு ஓட்டுநரின் முதுகுவரை தெறிக்கிறது. அவர் எஞ்சினை முறுக்கவில்லை. கிளட்சை மிதித்து, சக்கரம் ஓயும்வரை காத்திருந்து, குதிகாலை அழுத்துகிறார். 'கடக்'. எனக்குப் பிடித்த ஓசை அது. கிளட்சை மெல்ல விட, இரண்டு சக்கரமும் ஒரே உடம்பாகச் சுற்ற, டயர்ப் பட்டைகள் களிமண்ணைச் சளக் சளக்கென்று கடித்து மேலேறுகின்றன. வரப்பு தாண்டியதும் காலை எடுத்துவிடுகிறார். பூட்டோடு திருப்பினால் வண்டி மசியாது. சில சமயம் மிதி உடனே எழாது. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுகிறார். ஸ்பிரிங் இழுக்க, சோம்பல் முறித்தபடி மேலே வருகிறது.